சொல்லுக்கும் ஓர் அவதாரிகை வேண்டும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அருளிச்செயல்களை வியாக்கியானத்தோடு சேவிக்கும் அன்பர்களுக்கு 'அவதாரிகை' என்னும் சொல் புதிதன்று. ஒரு பாசுரத்துக்குப் பொருள் சொல்லப் புகுமுன், அது எந்நிலையில் பிறந்தது, யாருடைய வார்த்தையாக அமைந்தது, யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, முன் பாசுரத்தோடு அதற்கு என்ன தொடர்பு என்பவற்றை நம் பூர்வாசார்யர்கள் முதலில் காட்டியருளுவர். அதன் பின்னரே சொல்லுக்குள் இறங்குவர். இம்முறை பாசுரங்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். நாள்தோறும் நம் செவியில் விழும் சொற்கள் அனைத்துக்கும் இது வேண்டும் என்பதே இக்கட்டுரையில் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு எடுத்துக்காட்டுகளைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையும், அதே மாவட்டத்துத் திவ்யதேசமான திருக்கோவலூரும் போதும்.

அறிவு வரும் வழிகள்

நம் ஸம்ப்ரதாயத்தில் அறிவுக்கு வழியாகும் பிரமாணங்கள் மூன்று: ப்ரத்யக்ஷம், அனுமானம், சப்தம். சார்வாகர் ப்ரத்யக்ஷம் ஒன்றையே ஏற்றனர். வைசேஷிகர் அதனோடு அனுமானத்தையும் கொண்டனர். நையாயிகர் உபமானத்தையும் சேர்த்து நான்கு என்றனர். ஸ்வாமி எம்பெருமானார் வழிவந்தோர் மூன்றோடு நின்றனர். வேதாந்த தேசிகன் அருளிய 'ந்யாயபரிசுத்தி' இம்மூன்றையும் விரிவாக ஆராய்கிறது.

இவற்றை மலைமேல் வைத்துப் பார்ப்போம். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள கொல்லைகளில் சாமைக் கதிர் முற்றியிருப்பதை உழவர் கண்ணால் காண்கிறார், இது ப்ரத்யக்ஷம். மலைமேல் விடாது மழை பெய்கிறது, அடிவாரத்தில் இருப்பவர் கோமுகி அணைக்கு நீர் வரும் என்று அறிகிறார், இது அனுமானம். மலையில் விளைந்த மரவள்ளிக் கிழங்கு ஆலைக்குச் செல்கிறது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தை மதிப்பிட்டு, 'இத்தனை பாயிண்ட்' என்று சொல்லி, அதற்கேற்ப விலை வைக்கின்றனர். கிழங்கை விளைவித்தவர் மாவுச்சத்தைக் கண்ணால் கண்டாரல்லர். அளவைத் தாமே கணக்கிட்டாருமல்லர். பிறர் சொன்ன எண்ணை ஏற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார். இது சப்தம்.

நம் வாழ்வில் இம்மூன்றாவது வழியாக வரும் அறிவே மிகுதி. நாம் பிறந்த நாளை நாம் கண்டோமில்லை. தாய் சொல்லக் கேட்டோம். சட்டைப்பையிலுள்ள நூறு ரூபாய் நோட்டும் தாளளவில் மதிப்புடையதன்று. அதில் அச்சிட்டுள்ள தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையொப்பமிட்ட உறுதிமொழி இருப்பதாலேயே அது செல்லுபடியாகிறது. வங்கிப் பணியிலேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த நமக்கு இது நன்கு தெரியும்: உலகியல் முழுவதும் ஒருவர் சொல்லை மற்றொருவர் நம்புவதன்மேல் நடக்கிறது. ஆகவே 'கண்ணால் கண்டதையே நம்புவேன்' என்பவர், ஒரு நாளைக்கூடக் கழிக்க இயலாது. அதே வேளையில், 'சொன்னதையெல்லாம் நம்புவேன்' என்பவரும் நெடுநாள் பிழைக்க இயலாது. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி எது என்பதே கேள்வி.

வெள்ளிமலையும் சிப்பியில் தோன்றும் வெள்ளியும்

வெள்ளிமலை என்னும் பெயரைக் கேட்ட ஒருவர், அங்கே வெள்ளி வெட்டி எடுக்கிறார்கள் போலும் என்று எண்ணிப் புறப்பட்டால், சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் கண்டு திரும்புவார். பெயர் பொய்யா என்றால், இல்லை. பெயரைக் கேட்டவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பொருளே குறைபட்டது.

வேதாந்தத்தில் தவறான அறிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டும் வெள்ளியே. கடற்கரையில் கிடக்கும் சிப்பி, வெயிலில் வெள்ளிபோல் தோன்றுகிறது. ஒருவன் ஓடிச்சென்று எடுக்கிறான். சிப்பி என்று கண்டு எறிந்துவிடுகிறான். அவன் முதலில் கண்டது என்ன? இதற்கு ஒவ்வொரு தரிசனமும் ஒவ்வொரு விடை தருகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் காட்டியருளும் விடை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே பொருள்கள் ஆகின்றன. ஆதலால் சிப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிதளவு உண்டு. கண்ணின் குறையால் மிகுதியாக உள்ள சிப்பிக் கூறு பிடிபடாமல், சிறிதளவான வெள்ளிக் கூறு மட்டும் பிடிபட்டது. குறை நீங்கியதும் மிகுதியான கூறு தென்படுகிறது, அவன் விலகிப்போகிறான். அறிவு எதுவும் இல்லாத ஒன்றைக் காட்டுவதில்லை என்னும் இந்தக் கொள்கைக்கு யதார்த்தக்யாதி என்று பெயர்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம், மயக்கம் பெரும்பாலும் முழுப் பொய்யிலிருந்து பிறப்பதில்லை என்பது. ஒரு சிறு உண்மையைப் பற்றிக்கொண்டு, பெரும் உண்மையை விட்டுவிடுவதிலிருந்தே அது பிறக்கிறது. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். இப்பெயரைக் காகிதத்தில் மட்டும் படிக்கும் வெளியூர்க்காரர், இவர்கள் கேரளத்திலிருந்து வந்தோர் என்று எளிதில் எண்ணிவிடுவார். இவர்களோ தமிழ் பேசும் மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் கருத்து. சொல்லின் ஒரு கூறு பிடிபட்டது. மிகுதியான கூறு தவறிப்போயிற்று. சிப்பியை வெள்ளி என்று கொண்டவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை. மனிதரைப் பற்றிய மயக்கமோ, அம்மனிதருக்கே நட்டமாக முடியும்.

ஒரே அறிகுறி, இரு முடிவுகள்

அனுமானத்திலும் இத்தகைய இடர் உண்டு. திருவாய்மொழியில் பராங்குச நாயகியின் நிலையில் நின்று நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழிகள் 27. அவற்றுள் மகள் பேச்சாக 17, தாய் பேச்சாக 7, தோழி பேச்சாக 3 அமைந்தன என்று பெரியோர் வகுத்துள்ளனர். தோழி பேசும் மூன்றில் ஒன்று நான்காம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி. அகப்பொருள் நூலார் வெறிவிலக்கு என்று சொல்லும் துறை அது.

தலைவி மெலிந்து கிடக்கிறாள், நிறம் மாறியிருக்கிறது, நினைவு தடுமாறுகிறது. இவ்வறிகுறிகளை வீட்டார் கண்டனர். கட்டுவிச்சியும் கண்டாள். யாதோ ஒரு சிறு தெய்வம் பற்றியது என்று முடிவு செய்து, கள்ளும் இறைச்சியும் வைத்துச் சாந்தி செய்யப் புகுந்தனர். தோழியும் அதே அறிகுறிகளைத்தான் கண்டாள். ஆனால் இவள் யாரை நினைந்து இந்நிலை அடைந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே, இந்நோய் எம்பெருமானைப் பிரிந்ததால் வந்தது, இதற்கு மருந்து அவன் அடியார்களின் திருவடித்தூளி என்று தடுக்கிறாள்.

இங்கே இரு சாராரும் கண்டது ஒன்றே; முடிவுகள் வேறு. வீட்டார்க்கு அன்பு குறைவில்லை. மகள் பிழைக்க வேண்டும் என்றே துடிக்கின்றனர். அன்பு மட்டும் அறிவாகாது. அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழியில், நோயாளியின் கதையை அறிந்தவர் வேண்டும். தோழி அருளிய சொல்லுக்கு இருக்கும் வலிமை, அவள் அழகாகப் பேசினாள் என்பதால் வந்ததன்று. அவள் உடனிருந்து அறிந்தவள் என்பதால் வந்தது. பேசுவது தோழி என்று முதலில் தெரிந்துகொண்டால் அல்லவோ இது நமக்கு விளங்கும்? இதனாலேயே அவதாரிகை முன்னே வைக்கப்படுகிறது.

விளக்காகும் அணி

சொல்லின் அழகு அறிவுக்குத் தடையா என்று கேட்கலாம். திருக்கோவலூர் இதற்கு விடை சொல்லும். மழை பெய்யும் இருண்ட இரவில், ஓர் ஆச்ரமத்தின் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். அப்போது நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர்.

நெருக்கத்தை உடல் உணர்ந்தது, இது ப்ரத்யக்ஷம். மூவருக்கு மட்டுமே இடமுள்ள இடத்தில் இத்தனை நெருக்கம் என்றால் மற்றொருவர் இருத்தல் வேண்டும், இது அனுமானம். ஆயினும் அவர் யார் என்பது இவ்விரண்டாலும் தெரியவில்லை. அப்போது பொய்கையாழ்வார் பூமியையே அகலாகவும், கடலையே நெய்யாகவும், கதிரவனையே விளக்காகவும் கொண்டு பாமாலை தொடுத்தார். பூதத்தாழ்வார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், உருகும் சிந்தையைத் திரியாகவும் கொண்டு ஞானவிளக்கை ஏற்றினார். அவ்விரு விளக்குகளின் ஒளியில், பேயாழ்வார் எம்பெருமானைப் பிராட்டியோடும் திருவாழியோடும் கண்டமை பாடினார். இவ்வாறு பிறந்தவை மூன்று திருவந்தாதிகள். ஒவ்வொன்றும் நூறு பாசுரம்.

முதல் இரண்டு விளக்குகளும் உருவகம் என்னும் அணியாலானவை என்பதை இங்கே நோக்க வேண்டும். அணி இங்கே பொருளை மறைக்கவில்லை. உடனிருப்பவர் யார் என்று காட்டியது. ஒரு விளக்கு புற உலகை ஒளிர்வித்தது. மற்றொன்று காண்பவர் உள்ளத்தை ஒளிர்வித்தது. காணும் பொருள் எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தாலும், காண்பவர் உள்ளம் இருண்டிருந்தால் அறிவு பிறவாது என்பதையும் இது உணர்த்துகிறது. ஆகவே சொல்நயம் குற்றமன்று. நம் கண்ணைப் பொருளின்மேல் செலுத்தும் அணி விளக்கு. பொருளின்மேலிருந்து விலக்கும் அணி திரை.

திரையாகும் அணி

திரையாகும் அணிக்கு நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் கடன் கேட்கிறார். '10 விழுக்காடு வட்டிதான், மூன்றாண்டுத் தவணை' என்கிறார் கொடுப்பவர். முழுத் தொகைக்கும் மூன்றாண்டுக்கும் சேர்த்து வட்டி 30,000 ரூபாய்; ஆக 1,30,000 ரூபாயை 36 தவணையாக வகுத்தால் மாதம் ஏறக்குறைய 3,611 ரூபாய். இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கடன் வாங்கியவர் முதல் மாதத்திலிருந்தே அசலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துவருகிறார். கடைசித் தவணைகளில் அவர் கையிலுள்ள கடன் சில ஆயிரமே. அப்போதும் அவர் முழு லட்சத்துக்குமே வட்டி கட்டுகிறார். குறையும் நிலுவையின்மேல் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு ஏறக்குறைய 18 விழுக்காடு.

'பத்து' என்னும் சொல் சிப்பியிலுள்ள வெள்ளிக் கூறு. 'பதினெட்டு' என்பது மிகுதியான சிப்பிக் கூறு. இதனை உணர்ந்தே, சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் எல்லாச் செலவையும் உள்ளடக்கிய ஆண்டு விழுக்காட்டைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை முன்கூட்டியே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டு வழங்கப்படும் புதிய கடன்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. அவ்வறிக்கையை அக்கடனின் அவதாரிகை என்றே சொல்லலாம். அதைப் படியாமல் கையொப்பமிடுவது, அவதாரிகை இல்லாமல் பாசுரத்துக்குப் பொருள் சொல்லப் புகுவதைப் போன்றது.

கருணாபுரம் தரும் பாடம்

பணத்தளவில் நிற்கும் மயக்கம் ஒன்று. உயிரைக் கொள்ளும் மயக்கம் மற்றொன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் அதைச் சுற்றியும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரைக் குற்றம் சாட்டும் நோக்கோடு நாம் இங்கே எடுக்கவில்லை. அறிவின் மூன்று வழிகளும் ஓரிடத்தில் எவ்வாறு அடைபட்டன என்பதை அறிந்துகொள்வதற்காகவே எடுக்கிறோம்.

மெத்தனால் நிறமற்றது. குடிக்கும் சாராயத்திலிருந்து அதைப் பார்வையாலோ மணத்தாலோ பிரித்தறிவது அரிது. ஆகவே ப்ரத்யக்ஷம் உதவவில்லை. அது உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறிக் கேடு செய்யப் பல மணி நேரம் ஆகும். குடித்த உடனே ஒன்றும் நேரவில்லை என்பதால் 'இது தீங்கற்றது' என்று செய்யும் அனுமானமும் பொய்த்தது. விற்பவன் சொல்லோ, ஆதாயத்தை நோக்கிய சொல். முடிவில் அந்நஞ்சு முதலில் தாக்குவனவற்றுள் கண்ணின் நரம்பும் ஒன்று. இறப்புகளுக்குச் சாராயம் காரணமன்று என்பதாக அதிகாரத் தரப்பிலிருந்து முதலில் வந்த சொல்லும் நிலைக்கவில்லை. எங்கே கண்ணும் கருத்தும் உதவாவோ, அங்கே நம்பத்தக்க ஒருவரின் சொல்லே உயிர் காக்கும் மருந்து. அச்சொல் தாழ்ந்தாலும் திரிந்தாலும் வரும் கேட்டுக்கு அளவில்லை.

இதன் தொடர்ச்சியாக மற்றொரு மயக்கமும் நேர வாய்ப்புண்டு. கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுதல் நெடுநாளாகப் பேசப்படும் செய்தி; ஆகவே இந்த நஞ்சும் மலையிலிருந்துதான் இறங்கியது என்று முடிவுகட்டுவது எளிது. தர்க்க நூலார் இத்தகையதை ஹேத்வாபாஸம், அதாவது காரணம்போல் தோன்றும் போலிக் காரணம் என்பர். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருள்; வெல்ல ஊறலைக் காய்ச்சுவதால் உயிர்போகும் அளவுக்கு அது தோன்றாது. இதைச் சொல்வதால் மலைச் சாராயத்தை நாம் நல்லது என்றோமல்லோம். ஒரு தீமைக்கு மற்றொரு தீமையின் பெயரை இட்டால், உண்மையான காரணம் தப்பித்துக்கொள்ளும் என்பதே கருத்து. அவ்வாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், கல்வி முதலிய வசதிகளைப் பற்றி அரசிடம் கேட்டது. 'சாராய மலை' என்னும் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருந்த மக்கள் அப்போதுதான் பலருக்குத் தென்பட்டனர்.

நான்கு குற்றங்களும் நான்கு கேள்விகளும்

வேதம் யாராலும் இயற்றப்படாததாகையால், மனிதர் சொல்லுக்கு உரிய குற்றங்கள் அதற்கு இல்லை என்று நம் பெரியோர் நிறுவுவர். அக்குற்றங்கள் நான்கு: ப்ரமம் என்னும் மயக்கம், பிரமாதம் என்னும் கவனக்குறைவு, விப்ரலம்பம் என்னும் வஞ்சிக்கும் எண்ணம், அசக்தி என்னும் திறமின்மை. இவை இல்லாதவனையே ஆப்தன் என்கிறோம். வேதத்துக்கு இல்லை என்று காட்ட வகுத்த இப்பட்டியல், மற்றச் சொற்களை ஆராயும் உரைகல்லாகவும் நமக்குப் பயன்படுகிறது.

கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. ஒரு மூலிகை தீராத நோயைத் தீர்க்கும் என்கிறது. அல்லது வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் ரகசிய எண்ணைக் கேட்கிறார். அப்போது நான்கு கேள்விகளை எழுப்புவோம். இதைச் சொல்பவர் தாமே அறிந்து சொல்கிறாரா, வேறொன்றை இதுவாக மயங்கினாரா? சரிபார்த்துச் சொல்கிறாரா, வந்ததை அப்படியே அனுப்பினாரா? நாம் நம்புவதால் அவருக்கு ஆதாயம் உண்டா? இத்துறையில் சொல்லும் தகுதி அவருக்கு உண்டா? தகுதியுள்ளவருக்கும் வஞ்சிக்கும் எண்ணம் இருக்கலாம். நல்லெண்ணம் உள்ளவருக்கும் தகுதி இல்லாதிருக்கலாம். வெறிவிலக்கில் வரும் வீட்டார் இரண்டாம் வகையினர். ஆகவே நான்கில் ஒன்றை மட்டும் கேட்டு நிறைவடைதல் கூடாது.

இக்கேள்விகளை நம் சொல்லின்மீதும் எழுப்புதல் வேண்டும். நாமும் பிறர்க்குச் சப்தப்ரமாணமாக இருக்கிறோம். பேரக்குழந்தைக்கு நாம் சொல்வது, அண்டை வீட்டாருக்கு நாம் அனுப்புவது, கோஷ்டியில் நாம் எடுத்துரைப்பது ஆகிய யாவும் கேட்பவர் உள்ளத்தில் அறிவாகவோ மயக்கமாகவோ தங்கும். நம்பிள்ளையின் ஈட்டைக் காலக்ஷேபம் சாதிக்கும் பெரியோர், தாம் சொல்வது எவ்வாசார்யர் நிர்வாஹம் என்று பெயர் சொல்லியே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இன்னார் இப்படிப் பணித்தார், மற்றொருவர் இப்படிப் பணித்தார் என்று இரண்டையும் வைப்பர். இந்த வழக்கம் வெறும் மரியாதைக்காக ஏற்பட்டதன்று. எங்கிருந்து வந்த சொல் என்று தெரிந்தால்தான் கேட்பவர் அதை எடை போட இயலும் என்பதற்காகவே ஏற்பட்டது.

பாசுரத்தைச் சேவிக்குமுன் அவதாரிகையைச் சேவிப்பதுபோல், ஒரு சொல்லை நம்புமுன்னும் பிறர்க்குச் சொல்லுமுன்னும், யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எந்நிலையில் சொன்னது என்று ஒருகணம் நின்று கேட்கும் பழக்கத்தை மேற்கொள்வோமாக. ஆழ்வார்களின் சொல்லை ஆராய்ந்து அனுபவிக்கக் கற்றுத்தந்த ஆசார்யர்களுக்கு, உலகியலில் நாம் செய்யத்தக்க கைங்கர்யம் இதுவே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.